ஒரு என்எஃப்எல் அணி டிராஃப்ட்டில் எதற்கு முன்னுரிமை தரும்? கணிப்பதற்கான முழுமையான வழிகாட்டி

2022 ஏப்ரல் 28 அன்று லாஸ் வேகஸில் என்எஃப்எல் என்ற அமெரிக்கக் கால்பந்து லீக்கின் டிராஃப்ட் (கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்வு செய்யும் நிகழ்வு) முதல் சுற்றோடு தொடங்கியபோது, கிரீன் பே பேக்கர்ஸ் ஒரு வைட் ரிசீவரைத்தான் (எறியப்படும் பந்தைப் பிடிப்பவர்) எடுக்கும் என்று அந்த அணியின் ரசிகர்களில் பெரும்பாலோர் எதிர்பார்த்தார்கள். எதிர்பார்ப்புக்குக் காரணமும் இருந்தது. அணியின் முதன்மை ரிசீவரான டவான்டே ஆடம்ஸை முந்தைய மாதம்தான் லாஸ் வேகஸ் ரெய்டர்ஸுக்குக் கொடுத்திருந்தார்கள். அவருக்குத் துணையாக ஆடிய மார்க்வெஸ் வால்டெஸ்-ஸ்கான்ட்லிங் கேன்சஸ் சிட்டிக்குப் போய்விட்டார். ஆடம்ஸுக்கு ஈடாக வந்த 22வது தேர்வும் சொந்தமான 28வது தேர்வும் கையில் இருந்தன. ஆனால் 22வது இடத்தில் லைன்பேக்கர் (தடுப்பின் இரண்டாம் வரிசையில் நிற்பவர்) குவே வாக்கரையும், 28வது இடத்தில் டிஃபென்சிவ் டேக்கிள் (தடுப்பின் முன்வரிசை நடுவில் நிற்பவர்) டெவான்டே வையட்டையும் பேக்கர்ஸ் எடுத்தது. ரிசீவர் மறுநாள்தான் வந்தார்.

அன்று இந்த முடிவு பலருக்குப் புதிராகத் தோன்றினாலும், ஒப்பந்தங்களையும் அந்த நிர்வாகத்தின் பழக்கங்களையும் அந்த ஆண்டு கிடைத்த கல்லூரி வீரர்களின் இருப்பையும் சேர்த்துப் பார்த்தவர்களால் இதன் பெரும்பகுதியை முன்கூட்டியே ஊகித்திருக்க முடியும். ஓர் அணியில் இன்று எந்த இடம் காலியாக இருக்கிறது என்பது யாருக்கும் தெரியும். அந்தக் காலியிடத்தை நிரப்ப நிர்வாகம் எந்தச் சுற்றைச் செலவிடும், எதைப் பணத்தால் நிரப்பும், எதை அடுத்த ஆண்டுக்குத் தள்ளும் என்று கண்டுபிடிப்பதே கணிப்பவரின் வேலை. பேக்கர்ஸ் அணியையே எடுத்துக்காட்டாக வைத்து அந்த வேலையை வரிசையாகச் செய்து பார்ப்போம்.

முதலில், களத்தின் விதிகள்

32 அணிகள், 7 சுற்றுகள். முந்தைய பருவத்தில் மோசமாக ஆடிய அணி முதலில் தேர்வு செய்யும். இறுதிப் போட்டியான சூப்பர் பௌலை வென்ற அணி ஒவ்வொரு சுற்றிலும் கடைசியாக வரும். ஐபிஎல் ஏலத்தைப் போலப் பணத்தைக் கூட்டி யாரையும் தட்டிச் செல்ல முடியாது. வரிசை வரும்வரை காத்திருக்க வேண்டும், இல்லையென்றால் வேறொரு அணிக்குத் தேர்வுகளைக் கொடுத்து முன்னே நகர வேண்டும். ஏப்ரல் இறுதியில் வியாழனன்று முதல் சுற்று, வெள்ளியன்று 2, 3ஆம் சுற்றுகள், சனியன்று மீதி நான்கு சுற்றுகள் நடக்கும். ஃப்ரீ ஏஜென்சியில் (ஒப்பந்தம் முடிந்த வீரர்கள் விரும்பிய அணியில் சேரும் சந்தை) பெற்றதைவிட அதிகமான வீரர்களை இழந்த அணிகளுக்கு 3 முதல் 7 வரையிலான சுற்றுகளின் இறுதியில் ஈட்டுத் தேர்வுகளும் கிடைக்கும்.

டிராஃப்ட்டின் பொருளாதாரத்தை 2011ஆம் ஆண்டின் தொழிலாளர் ஒப்பந்தம் அடியோடு மாற்றியது. 2010இல் முதல் தேர்வான சாம் பிராட்ஃபோர்ட் ஆறு ஆண்டுகளுக்கு 7.8 கோடி டாலர் மதிப்புள்ள ஒப்பந்தம் பெற்றார். அதில் 5 கோடி உறுதியளிக்கப்பட்ட தொகை. அடுத்த ஆண்டே முதல் தேர்வான கேம் நியூட்டனுக்கு நான்கு ஆண்டுகளுக்குக் கிடைத்தது ஏறத்தாழ 2.2 கோடி டாலர்தான். அன்றிலிருந்து நன்றாக ஆடும் இளம் வீரர் என்பவர், சந்தை விலையில் ஒரு சிறு பங்குக்கு நான்கு ஆண்டுகள் கிடைக்கும் ஆளாகிவிட்டார். முதல் சுற்று வீரர்களுக்கு மட்டும் ஐந்தாவது ஆண்டை நீட்டிக்கும் உரிமையும் அணிக்கு உண்டு. 2018இல் பால்டிமோர் ரேவன்ஸ் முதல் சுற்றின் கடைசியான 32வது இடத்துக்கு முன்னேறி லாமர் ஜாக்சனை எடுத்ததில் இந்தக் கூடுதல் ஆண்டுக்கும் பங்கு உண்டு.

இதிலிருந்து ஓர் அடிப்படை விதி பிறக்கிறது. குவாட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்), எட்ஜ் (முன்வரிசை ஓரத்திலிருந்து குவாட்டர்பேக்கைத் துரத்துபவர்), அஃபென்சிவ் டேக்கிள் (அவரைக் காக்கும் வரிசையின் ஓரத்தில் நிற்பவர்), கார்னர்பேக் (எதிரணி ரிசீவரை மறிப்பவர்), வைட் ரிசீவர் ஆகிய விலையுயர்ந்த இடங்களை முதல் சுற்றில் நிரப்பினால் அணிக்கு மிச்சம் அதிகம். ஜஸ்டின் ஜெஃபர்சன் 2024இல் ஆண்டுக்கு 3.5 கோடி டாலர் வீதம் ஒப்பந்தம் பெற்ற பிறகு, நல்ல இளம் ரிசீவரின் மதிப்பு இன்னும் ஏறியது. சேஃப்டி (தடுப்பின் கடைசி வரிசை), கார்டு (டேக்கிளுக்கு உட்புறம் நிற்பவர்), டைட் எண்ட் (மறிக்கவும் பந்தைப் பிடிக்கவும் செய்பவர்), ரன்னிங் பேக் (பந்தோடு ஓடுபவர்) போன்ற இடங்கள் பொதுவாகப் பின்தள்ளப்படும். இது போக்குதான், சட்டமில்லை.

கையிருப்பை எண்ணுங்கள்

எந்தெந்தத் தேர்வுகள் அணியிடம் உள்ளன என்று பார்க்காமலே பலர் கணிக்க உட்கார்ந்துவிடுகிறார்கள். 2025 ஆகஸ்டில் எட்ஜ் வீரர் மைக்கா பார்சன்ஸைப் பெறுவதற்காக பேக்கர்ஸ் தன் 2026, 2027ஆம் ஆண்டுகளின் முதல் சுற்றுத் தேர்வுகளையும் டிஃபென்சிவ் டேக்கிள் கென்னி கிளார்க்கையும் டல்லஸ் கவ்பாய்ஸுக்குக் கொடுத்தது. அந்த ஒரே முடிவு இரண்டு ஆண்டுகளின் முன்னுரிமைப் பட்டியலை மாற்றிவிட்டது: எட்ஜ் இடத்தின் அவசரம் தணிந்தது, வழக்கமாக முதல் சுற்றில்தான் கிடைக்கும் இடங்களுக்கான வழியும் அடைபட்டது.

தேர்வுகளின் எண்ணிக்கையோடு அவற்றின் எடையையும் பாருங்கள். 1990களின் தொடக்கத்தில் டல்லஸ் கவ்பாய்ஸ் பயிற்சியாளர் ஜிம்மி ஜான்சன் காலத்தில் உருவான மதிப்பு அட்டவணை இதற்கு இன்றும் உதவும். அதில் முதல் தேர்வுக்கு 3000 புள்ளிகள், 10வதுக்கு 1300, 32வதுக்கு 590. அணிகள் இப்போது தத்தம் சொந்த அட்டவணைகளை வைத்திருந்தாலும், ஒரு பரிமாற்றத்தில் யார் அவசரப்பட்டார்கள் என்பதை இந்தப் பழைய அட்டவணை காட்டிக்கொடுக்கும். 2022இன் இரண்டாம் நாளில் பேக்கர்ஸ் 53வது, 59வது தேர்வுகளை மின்னசோட்டாவுக்குக் கொடுத்து 34வது தேர்வைப் பெற்றது. அட்டவணைப்படி கொடுத்தது 370, 310 என மொத்தம் 680, பெற்றது 560. அவ்வளவு கூடுதல் விலை கொடுத்து எடுத்தது வைட் ரிசீவர் கிறிஸ்டியன் வாட்சனை. முதல் நாளில் ரிசீவரை எடுக்காத அணி, அந்த இடத்தை அலட்சியம் செய்யவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஒப்பந்தங்களை இரண்டு ஆண்டுகள் முன்னோக்கிப் படியுங்கள்

அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். ஓவர் தி கேப், ஸ்போட்ராக் ஆகிய தளங்களில் ஒவ்வொரு வீரரின் ஒப்பந்தமும் ஆண்டுவாரியாகக் கிடைக்கிறது. ஒரு தாளில் அணியின் இடங்களை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே தொடக்க வீரர், அவர் வயது, ஒப்பந்தம் முடியும் ஆண்டு, அவரை விடுவித்தால் மிச்சமாகும் தொகை ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். 2025இல் ஓர் அணியின் சம்பள உச்சவரம்பு 27.92 கோடி டாலர். அதற்குள் அடங்க வேண்டும் என்பதால், அடுத்த ஆண்டு யார் வெளியேறுவார் என்பது பெரும்பாலும் இந்தத் தாளிலேயே தெரிந்துவிடும்.

தொடக்க வீரர் என்பவர் யார் என்பதிலும் கவனம் தேவை. பெயரளவில் 11 பேர் ஆடினாலும், மூன்று ரிசீவர்களை நிறுத்தும் அமைப்பே இன்று மிகுதியாக ஆடப்படுவதால், எதிரணிகள் ஓர் ஆட்டத்தின் பாதிக்கும் மேற்பட்ட நகர்வுகளில் ஐந்து பின்வரிசைத் தடுப்பாளர்களோடு நிற்கின்றன. அதாவது மூன்றாவது கார்னர்பேக்கும் நடைமுறையில் தொடக்க வீரரே. ப்ரோ ஃபுட்பால் ரெஃபரன்ஸ் தளத்தில் ஒவ்வொருவரும் எத்தனை நகர்வுகளுக்குக் களத்தில் நின்றார் என்ற கணக்கு உண்டு. பெயர்ப் பட்டியலைவிட அதை நம்புங்கள்.

இப்போது 2022இன் தாளுக்கு வருவோம். டிஃபென்சிவ் லைனில் டீன் லோரியின் ஒப்பந்தம் அந்தப் பருவத்தோடு முடிவதாக இருந்தது. மார்ச்சில் சேர்ந்த ஜேரன் ரீட் ஓராண்டு ஒப்பந்தத்தில் வந்தவர். 2022 பருவத்துக்கு ஆள் போதும் என்று தோன்றினாலும், 2023இல் கென்னி கிளார்க்குக்குப் பக்கத்தில் நிற்க ஆளே இருக்காது என்பது தாளைப் பார்த்தவுடன் தெரிந்தது. உண்மையில் லோரி, ரீட் இருவரும் 2023இல் வேறு அணிகளுக்குப் போனார்கள். வையட்டின் தேர்வு அங்கிருந்து வந்தது. வாக்கரின் இடத்தில், டிவாண்ட்ரே கேம்பெல் சிறப்பாக ஆடி மீண்டும் ஒப்பந்தமானவர். ஆனால் அவருக்குப் பக்கத்தில் ஆடிய கிரிஸ் பார்ன்ஸ், டிராஃப்ட்டில் யாராலும் எடுக்கப்படாமல் அணிக்குள் வந்தவர்.

இதே முறையின் மிகப் பெரிய எடுத்துக்காட்டு 2020இல் நடந்தது. அதற்கு முந்தைய பருவத்தில் பேக்கர்ஸ் 13 ஆட்டங்களில் வென்று 3இல் மட்டும் தோற்றிருந்தது. அப்படியிருந்தும் 30வது தேர்வோடு நான்காம் சுற்றுத் தேர்வு ஒன்றையும் மயாமிக்குக் கொடுத்து, 26வது இடத்துக்கு முன்னேறி குவாட்டர்பேக் ஜோர்டன் லவ்வை எடுத்தது. ஆரன் ராட்ஜர்ஸுக்கு அப்போது 36 வயது. அதே ராட்ஜர்ஸை 2005இல், பிரெட் ஃபார்வ் ஆடிக்கொண்டிருந்தபோதே, 24வது இடத்தில் எடுத்த அணி இது. 2023இல் ராட்ஜர்ஸ் நியூயார்க் ஜெட்ஸுக்குப் போனபோது லவ் தயாராக இருந்தார். குவாட்டர்பேக்குக்கு மட்டும் இரண்டு ஆண்டுகள் போதாது, மூன்று நான்கு ஆண்டுகள் தள்ளிப் பார்க்க வேண்டும்.

முடிவெடுப்பவரை அறியுங்கள்

அணி என்ற பெயர் எதையும் தேர்வு செய்வதில்லை; ஒரு மனிதர் தேர்வு செய்கிறார். டல்லஸில் உரிமையாளர் ஜெர்ரி ஜோன்ஸே பொது மேலாளர். கிரீன் பேயில் அணி பொதுமக்களான பங்குதாரர்களுக்குச் சொந்தம். வீரர் தேர்வில் கடைசி வார்த்தை பொது மேலாளருடையது. 2018 ஜனவரி முதல் அந்தப் பொறுப்பில் இருப்பவர் பிரையன் குட்டகன்ஸ்ட். அவர் அணியின் முன்னாள் பொது மேலாளர்களான ரான் உல்ஃப், டெட் தாம்ப்சன் ஆகியோரின் மரபில் வளர்ந்தவர். பொது மேலாளர் புதியவராக இருந்தால், அவர் முன்பு எந்த அலுவலகத்தில் யாரிடம் பயின்றார் என்று தேடுங்கள். சியாட்டில் அணியின் பொது மேலாளர் ஜான் ஷ்னைடரும் கிரீன் பேயிலிருந்து போனவர்தான்.

குட்டகன்ஸ்ட்டின் முதல் சுற்றுகளை வரிசையாக எழுதிப் பார்த்தால் ஒரு சித்திரம் தெரிகிறது. 2018இல் கார்னர்பேக் ஜயர் அலெக்சாண்டர், 2019இல் எட்ஜ் ரஷான் கேரி, சேஃப்டி டார்னல் சாவேஜ், 2020இல் லவ், 2021இல் கார்னர்பேக் எரிக் ஸ்டோக்ஸ், 2022இல் வாக்கர், வையட், 2023இல் எட்ஜ் லூக்கஸ் வான் நெஸ், 2024இல் அஃபென்சிவ் டேக்கிள் ஜோர்டன் மோர்கன், 2025இல் வைட் ரிசீவர் மாத்யூ கோல்டன். பத்துப் பேரில் ஏழு பேர் தடுப்பு அணியினர். 2002இல் ஜாவன் வாக்கரை எடுத்த பிறகு 2025வரை அந்த அணி முதல் சுற்றில் ரிசீவரை எடுத்ததே இல்லை.

இரண்டாவது பழக்கம் உடல் திறன் மீதான பிடிப்பு. இண்டியானாபொலிஸில் பிப்ரவரி இறுதியில் தொடங்கும், கல்லூரி வீரர்களின் உடல்திறனை அளக்கும் கம்பைன் சோதனையின் எண்களை உயரம், எடையோடு இணைத்து பத்துக்கு மதிப்பிடும் ஆர்ஏஎஸ் என்ற அளவுகோல் பொதுவெளியில் கிடைக்கிறது. கேரி 277 பவுண்டு எடையோடு 40 கஜத்தை 4.58 விநாடியில் ஓடினார். வாட்சன் 6 அடி 4 அங்குல உயரத்தில் 4.36 விநாடி. கோல்டன் 4.29. கல்லூரிப் புள்ளிவிவரம் எவ்வளவு மின்னினாலும், மெதுவாக ஓடும் ஒருவரை கிரீன் பேயின் முதல் சுற்றில் வைப்பதற்கு முன் இருமுறை யோசியுங்கள்.

மூன்றாவது, எனக்கு மிகவும் பயன்பட்ட பழக்கம்: ஓர் இடத்தில் குறை இருந்தால் குட்டகன்ஸ்ட் ஒருவரோடு நிறுத்துவதில்லை. 2018இல் மூன்று ரிசீவர்கள், 2022இல் மூன்று ரிசீவர்கள், 2023இல் மறுபடி மூன்று. 2023இல் ராபர்ட் டன்யனும் மார்சீடிஸ் லூயிஸும் போனதும் லூக் மஸ்க்ரேவ், டக்கர் கிராஃப்ட் என்று இரண்டு டைட் எண்டுகளை அடுத்தடுத்த சுற்றுகளில் எடுத்தார். எனவே இந்த அணிக்குக் கணிக்கும்போது ஓர் இடத்துக்கு ஒரு பெயர் என்று நிரப்பிக்கொண்டு போவது தவறு. தலையாய குறைக்கு இரண்டு மூன்று தேர்வுகளை ஒதுக்குங்கள்.

அதே நேரத்தில், பழக்கம் உடையும் என்பதையும் மனத்தில் வையுங்கள். 2006இல் ஏ.ஜே. ஹாக்குக்குப் பிறகு முதல் சுற்றில் உள் லைன்பேக்கரை எடுக்காத அணிதான் வாக்கரை எடுத்தது. முன்வரலாறு ஒரு வாய்ப்பைக் குறைக்கும். அதை அறவே நீக்காது.

பயிற்சியாளர் மாறினால்

2024இன் தொடக்கத்தில் பேக்கர்ஸ் தன் தடுப்பு அணியை ஜெஃப் ஹாஃப்லியிடம் ஒப்படைத்தது. பாஸ்டன் கல்லூரியிலிருந்து வந்த அவர், அதுவரை இருந்த 3-4 அமைப்பை (முன்வரிசையில் மூவர், பின்னால் நான்கு லைன்பேக்கர்கள்) 4-3 ஆக மாற்றினார். 4-3இல் முன்வரிசையில் நால்வர் நிற்பதால், எட்ஜ் வீரர்கள் கையை நிலத்தில் ஊன்றி நிற்பவர்களாகவும், அவர்களுக்குப் பின்னால் மூன்று லைன்பேக்கர்கள் இருக்கும்படியும் அணியைத் திரும்பக் கட்ட வேண்டியிருந்தது. கேம்பெல் அந்த மார்ச்சில் விடுவிக்கப்பட்டார். விளைவு, 45வது இடத்தில் லைன்பேக்கர் எட்ஜரின் கூப்பர், 91வது இடத்தில் மற்றொரு லைன்பேக்கர் டைரன் ஹாப்பர். தடுப்பு அணியை நடத்தும் ஒருங்கிணைப்பாளர் மாறிய ஆண்டில் அவருடைய பழைய அணிகளின் அமைப்பைப் படிக்காமல் கணிப்பு எழுதக் கூடாது.

மார்ச் மாதத்தைத் தவறாகப் படிக்காதீர்கள்

ஃப்ரீ ஏஜென்சியில் ஒருவரைச் சேர்த்தவுடன் அந்த இடம் நிரம்பிவிட்டது என்று பட்டியலிலிருந்து அடித்துவிடுவது பரவலான பிழை. ஒப்பந்தத்தின் நீளமும் தொகையும்தான் பேச வேண்டும். கேன்சஸ் சிட்டி 2021இல் செய்தது உண்மையான நிரப்பல். சூப்பர் பௌலில் டம்பா பேயிடம் 31-9 என்று தோற்றபோது காயத்தால் ஆட முடியாமல் போன எரிக் ஃபிஷர், மிட்செல் ஷ்வார்ட்ஸ் என்ற இரு அஃபென்சிவ் டேக்கிள்களையும் மார்ச்சில் விடுவித்தது. கார்டு ஜோ தூனியைப் பெரும் தொகைக்குச் சேர்த்தது. டிராஃப்ட்டுக்கு முன் தன் முதல் சுற்றுத் தேர்வையே பால்டிமோருக்குக் கொடுத்து டேக்கிள் ஆர்லாண்டோ பிரவுனைப் பெற்றது. டிராஃப்ட்டில் சென்டர் (அதே வரிசையின் நடுவில் நிற்பவர்) கிரீட் ஹம்ஃப்ரியும் ஆறாம் சுற்றில் கார்டு ட்ரே ஸ்மித்தும் வந்தார்கள். ஓர் அணி எந்தக் குறையை உண்மையில் உயிர்ப் பிரச்சினையாகக் கருதுகிறது என்பதை அது செலவிடும் விதமே சொல்லிவிடும்.

மறுபுறம், 2024இல் பேக்கர்ஸ் சேஃப்டி சேவியர் மக்கின்னிக்குப் பெரிய ஒப்பந்தம் கொடுத்த பின்னும், டிராஃப்ட்டில் மேலும் மூன்று சேஃப்டிகளை எடுத்தது. சாவேஜும் மற்ற பழையவர்களும் போய்விட்டதால் ஒருவரின் வருகை அந்த இடத்தின் குறையைத் தீர்க்கவில்லை. ஓராண்டு ஒப்பந்தங்களைப் பொறுத்தவரை, அவற்றைத் தற்காலிக ஏற்பாடு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். 2022 ஏப்ரலில் வந்த ரிசீவர் சாமி வாட்கின்ஸ் அப்படிப்பட்டவர்தான்.

அந்த ஆண்டின் இருப்பு

அணியின் விருப்பம் எதுவாக இருந்தாலும், தன் முறை வரும்போது மிச்சம் இருப்பவர்களிலிருந்துதான் அது எடுக்க முடியும். ஒவ்வோர் இடத்துக்கும் வீரர்களைத் தர அடுக்குகளாகப் பிரித்து, ஒவ்வோர் அடுக்கும் தோராயமாக எந்தத் தேர்வோடு தீர்ந்துபோகும் என்று கோடு போடுங்கள். 2022இல் முதல் அடுக்கு ரிசீவர்கள் ஆறு பேர்: டிரேக் லண்டன் 8, காரெட் வில்சன் 10, கிறிஸ் ஓலாவே 11, ஜேமிசன் வில்லியம்ஸ் 12, ஜஹான் டாட்சன் 16, ட்ரெய்லன் பர்க்ஸ் 18. பேக்கர்ஸின் முறை வருவதற்கு நான்கு இடங்கள் முன்பே அந்த அடுக்கு காலி. அடுத்த அடுக்கில் ஆட்கள் நிறைய இருந்ததால், அவர்களுக்காக 22வது தேர்வைச் செலவிடத் தேவையில்லை. அதே சமயம் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் தேசிய சாம்பியன் தடுப்பு அணியிலிருந்து ஐந்து பேர் முதல் சுற்றிலேயே போகும் அளவுக்குத் தடுப்பு வீரர்கள் செழித்திருந்த ஆண்டு அது. வாக்கரும் வையட்டும் அந்த ஐவரில் இருவர்.

ஆகவே ஓர் இடத்தின் முன்னுரிமையை எழுதும்போது, இப்போது விட்டால் அடுத்த முறை என்ன கிடைக்கும் என்ற கேள்வியைக் கட்டாயம் சேருங்கள். பற்றாக்குறையான இடம் முன்னே வரும். தாராளமாகக் கிடைக்கும் இடம், எவ்வளவு அவசரமானாலும், ஒரு சுற்று காத்திருக்கும்.

வதந்திகளின் எடை

ஒவ்வோர் அணியும் 30 கல்லூரி வீரர்கள் வரை தன் வளாகத்துக்கு அழைக்கலாம். அந்த அழைப்புகள் பயனுள்ள தகவல், குறிப்பாக காயமோ நடத்தைக் கேள்வியோ உள்ளவர்களைப் பற்றி அணி யோசிக்கிறது என்பதற்கு. ஏப்ரலில் பொது மேலாளர்கள் மேடையில் பேசுவதற்கு மிகக் குறைந்த எடை கொடுங்கள். தன் திட்டத்தை வெளியிட அவர்களுக்கு எந்தக் காரணமும் இல்லை.

எழுதி வைக்கும் முறை

வீரரின் பெயரை எழுதாதீர்கள், இடத்தையும் நாளையும் எழுதுங்கள். முதல் நாளில் எந்த இரண்டு மூன்று இடங்களில் ஒன்று வரும், இரண்டாம் நாள் முடிவதற்குள் எவை கட்டாயம் தீர்க்கப்படும், சனிக்கிழமைக்கு எவை தள்ளப்படும் என்று மூன்று வரிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் காரணத்தை ஒரு வாக்கியத்தில் சேருங்கள். 2022க்கு இப்படி எழுதியிருந்தால், முதல் நாளுக்கு டிஃபென்சிவ் லைன் அல்லது அஃபென்சிவ் டேக்கிள், இரண்டாம் நாளுக்குள் வேகமான உயரமான ரிசீவர், சனிக்கிழமை இன்னொரு ரிசீவரும் அஃபென்சிவ் லைனில் இருவரும் என்று வந்திருக்கும். வாக்கர் தப்பியிருப்பார், மற்றவை பெரும்பாலும் பொருந்தியிருக்கும். அந்த அணி எடுத்த 11 பேரில் மூவர் ரிசீவர்கள், மூவர் அஃபென்சிவ் லைன்காரர்கள்.

டிராஃப்ட் முடிந்த பின் கணிப்பைச் சரிபார்க்கும்போது, பலித்ததா என்பதோடு காரணம் சரியா என்றும் பாருங்கள். தவறான காரணத்தால் பலித்த கணிப்பு அடுத்த ஆண்டு கைகொடுக்காது. ஐந்தாவது ஆண்டு நீட்டிப்பு பற்றிய முடிவுகளையும் அதே தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அவற்றுக்கான கெடு மே மாதத் தொடக்கத்தில் வருகிறது. 2025இல் பேக்கர்ஸ் வையட்டுக்கு அந்த நீட்டிப்பைக் கொடுத்தது, வாக்கருக்கு மறுத்தது. அவருடைய ஒப்பந்தம் 2025 பருவத்தோடு முடியும் என்பதும், லைன்பேக்கர் இடம் 2026க்கான தாளில் மேல்வரிசைக்கு ஏற வேண்டும் என்பதும் ஓராண்டு முன்னதாகவே அந்த முடிவில் எழுதப்பட்டுவிட்டன.